குதிரை வந்தாச்சு, காகிதம் எங்கே?

குதிரைக்கும் பாஸ்போர்ட் உண்டு என்று சொன்னால் பாதிப் பேர் சிரிக்கிறார்கள். மீதிப் பேர் "அப்போ விசா?" என்று கேட்கிறார்கள். ஆனால் சமாச்சாரம் நிஜம். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலும் பிரிட்டனிலும் குதிரை, மட்டக்குதிரை, கழுதை, ஏன், வரிக்குதிரை வைத்திருந்தால்கூட அதற்கு ஒரு பாஸ்போர்ட் இருந்தாக வேண்டும். இங்கிலாந்தில் 2004-லிருந்து இதுதான் சட்டம். டார்ட்மூர், எக்ஸ்மூர், நியூ ஃபாரஸ்ட் மாதிரி சில பகுதிகளின் மேய்ச்சல் நிலத்தில் பாதிக் காட்டுத்தனமாகத் திரிகிற மட்டக்குதிரைகளுக்கு மட்டும், அங்கேயே இருக்கும் வரை விலக்கு உண்டு. மற்றபடி யாருக்கும் சலுகை கிடையாது.

பார்க்க நம் பாஸ்போர்ட் மாதிரியே சின்னப் புத்தகம். போட்டோ ஒட்டும் இடத்தில் ஒரு குதிரையின் கோட்டுப்படம் அச்சாகியிருக்கும். இடப்பக்கம், வலப்பக்கம், முகம், கால்கள் எல்லாம் தனித்தனியாக. குதிரையின் உடம்பில் உள்ள வெள்ளைத் திட்டுகளைச் சிவப்பு மையிலும், மயிர்ச்சுழிகளைக் கறுப்பு மையில் பெருக்கல் குறியாகவும் அந்தப் படத்தின் மேல் கையால் குறிப்பார்கள். நம்மூரில் மாடோ குதிரையோ வாங்கப் போகிறவர் கூடவே சுழி பார்க்கத் தெரிந்த ஒரு பெரியவரையும் கூட்டிப் போவார் இல்லையா? அதே சுழிதான். நம் பெரியவர் பார்ப்பது ராசி. அவர்கள் பார்ப்பது அடையாளம். மனிதனின் கைரேகை மாதிரி, சுழிகள் இருக்கும் இடம் குதிரைக்குக் குதிரை மாறும் என்பதுதான் காரணம்.

இத்தனை ஏற்பாடு இருந்தும், வெளிநாட்டிலிருந்து குதிரை வாங்கியவர்கள் கதையைக் கேட்டால் பாவமாகத்தான் இருக்கிறது. பணம் கட்டியாயிற்று, குதிரை லாரியில் வந்து இறங்கியாயிற்று, லாயத்தில் நின்று வைக்கோலும் தின்கிறது. ஆனால் காகிதத்தில் அது வேறொரு குதிரை. அல்லது வேறொருவருடைய குதிரை. இந்தச் சிக்கலுக்கு வாங்கியவரின் கவனக்குறைவு மட்டுமே காரணம் என்று அநேகமாக எல்லோரும் சொல்கிறார்கள். அது பாதி உண்மைதான். மீதி, சட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது.

ஓர் உதாரணத்துக்கு, இங்கிலாந்தில் ஒரு பெண்மணி பல வருஷம் பணம் சேர்த்து ஸ்பெயினிலிருந்து ஒன்பது வயசுக் குதிரை ஒன்றை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். வந்தது நல்ல வெள்ளைக் குதிரை. பாஸ்போர்ட்டைத் திறந்தால் நிறம் என்ற இடத்தில் 'காஸ்தான்யோ' என்று இருக்கிறது. அகராதியைப் பார்த்தால் பழுப்பு! ஏமாற்றிவிட்டார்கள் என்று அவர் தலையில் கை வைத்து உட்கார்ந்தால் ஆச்சரியமில்லை. ஆனால் ஏமாற்று எதுவும் நடந்திருக்க வேண்டியதில்லை. நாம் வெள்ளைக் குதிரை என்று சொல்பவற்றில் பெரும்பாலானவை பிறக்கும்போது வெள்ளை இல்லை. கறுப்பாகவோ பழுப்பாகவோ பிறந்து, வருஷா வருஷம் நரைத்து, கடைசியில் வெள்ளையாகின்றன. பாஸ்போர்ட் எழுதியது குட்டியாக இருந்தபோது. அதற்குப் பிறகு யாரும் அந்தப் பக்கத்தைத் தொடவில்லை. நாலு வயசில் எடுத்த போட்டோவோடு நாற்பது வயசுக்காரர் விமான நிலையத்தில் நிற்பது மாதிரி.

ஜெர்மனியில் வாங்கினால் இன்னும் வேடிக்கை. நிறம் என்ற இடத்தில் 'ஃபுக்ஸ்' என்று எழுதியிருக்கும். அந்தச் சொல்லுக்கு நேர் அர்த்தம் நரி! செம்பழுப்புக் குதிரையை ஜெர்மன்காரர்கள் அப்படித்தான் சொல்வார்கள். நெதர்லாந்துக்காரர்களும் அதே மாதிரி 'வோஸ்' என்பார்கள், அதுவும் நரிதான். நரைத்த குதிரைக்கு ஜெர்மனில் 'ஷிம்மல்'. அந்தச் சொல்லுக்குப் பூஞ்சக்காளான் என்றும் ஒரு பொருள் உண்டு. ஆக, பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லுக்குச் சொல் அகராதி பார்க்கிறவர், தான் வாங்கியது நரியா பூஞ்சையா என்று குழம்பிப் போவார் :-)

குதிரை வாங்கப் போய் நரி கிடைத்த கதை நமக்குப் புதுசில்லையே. மாணிக்கவாசகர் பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் பெருந்துறை போனார், அரசன் கொடுத்த பணம் கோயிலுக்குச் செலவாயிற்று, சிவபெருமான் நரிகளைப் பரிகளாக்கிக் கொண்டுவந்து ஒப்படைத்தார், ராத்திரியே அவை மறுபடி நரிகளாகிவிட்டன. திருவிளையாடலில் எல்லோருக்கும் தெரிந்த படலம். அதில் வணிகம் படிக்கிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. குதிரைகளை ஒப்படைக்கும்போது 'கயிறு மாறுதல்' என்று ஒரு சடங்கு. விற்றவர் கயிறு போய் வாங்கியவர் கயிறு ஏறிவிட்டால் வியாபாரம் முடிந்தது. அதற்கப்புறம் அது நரியானால் என்ன, நாயானால் என்ன, வாங்கியவர் பாடு. கேவியட் எம்ப்டார் என்று லத்தீனில் படித்து மனப்பாடம் செய்கிறோமே, அதுவேதான்.

இன்றைய ஐரோப்பாவிலும் கிட்டத்தட்ட கயிறு மாறுதல்தான் நடக்கிறது. கயிற்றோடு ஒரு புத்தகமும் சேர்ந்து கைமாறுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இங்கிலாந்தின் விதி இப்படிப் போகிறது. குதிரையை விற்கிறவர் பாஸ்போர்ட்டையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் பாஸ்போர்ட் வழங்கும் அமைப்புக்குத் தெரியப்படுத்தித் தன் பெயரைப் பதிய வேண்டும். வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டோடு வந்து தங்கப்போகிற குதிரை என்றால், வந்து சேர்ந்த 30 நாளுக்குள் அந்த விவரத்தை பிரிட்டனில் உள்ள ஓர் அமைப்பிடம் பதிய வேண்டும். 2020 அக்டோபர் 1 முதல் இங்கிலாந்தில் எல்லாக் குதிரைக்கும், எந்த வயசானாலும், மைக்ரோசிப்பும் கட்டாயம். கழுத்தின் இடப்பக்கம், பிடரிக்குக் கீழே உள்ள தசைநாரில் அரிசி மணி அளவில் ஒரு சிப்பைக் கால்நடை மருத்துவர் செலுத்துவார். கருவியை அருகில் கொண்டுபோனால் 15 இலக்க எண் தெரியும்.

இங்கே ஒரு சின்னப் பொறி. பாஸ்போர்ட்டுக்குள்ளும் 15 இலக்கத்தில் இன்னொரு எண் இருக்கும். அது வாழ்நாள் எண், யூ.ஈ.எல்.என். என்பார்கள். முதல் மூன்று இலக்கம் நாடு (ஜெர்மனி 276, அயர்லாந்து 372, பிரிட்டன் 826), அடுத்த மூன்று பதிவு வைத்திருக்கும் அமைப்பு, மிச்சம் ஒன்பது அந்தக் குதிரைக்கே உரியது. சிப் எண்ணும் சில நேரம் நாட்டு எண்ணில் ஆரம்பிக்கும், சில நேரம் 9-இல் தொடங்கும் தயாரிப்பாளர் எண்ணில் ஆரம்பிக்கும். இரண்டும் 15 இலக்கம், இரண்டும் 276-இல் தொடங்கினால் படிவத்தில் இதை அதிலும் அதை இதிலும் எழுதுவதற்கு எவ்வளவு நேரமாகும்? ஒரு தடவை அப்படிப் பதிவாகிவிட்டால், அந்த எண்ணில் தேடுகிறவர்களுக்கு அந்தக் குதிரை உலகத்திலேயே இல்லை. (படிவம் வடிவமைக்கிறவர்கள் ஒரு நாளாவது படிவம் நிரப்பிப் பார்க்க வேண்டும் என்று சட்டம் போட்டால் நன்றாயிருக்கும்.)

சரி, இத்தனை கெடுபிடி எதற்கு? குதிரை மேல் பாசத்தினால் என்று நினைத்தால் தப்பு. இறைச்சிதான் பெரிய காரணம்.

பிரான்ஸ், பெல்ஜியம், இத்தாலி போன்ற நாடுகளில் குதிரை இறைச்சி சாப்பிடுவார்கள். குதிரைகளுக்கு வலி, வீக்கம் என்றால் மருத்துவர்கள் வெகுகாலமாகக் கொடுத்துவருவது ஃபீனைல்பியூட்டசோன் என்ற மருந்து, செல்லமாக 'பியூட்'. குதிரைக்கு நல்ல மருந்து. ஆனால் அரிதாகச் சில மனிதர்களுக்கு எலும்பு மஜ்ஜையைப் பாதித்து ரத்தம் ஊறாமல் செய்துவிடும். ஆகவே ஒரு தடவை பியூட் கொடுத்த குதிரை ஒருநாளும் மனிதர் சாப்பாட்டுக்குப் போகக்கூடாது. 'இந்தக் குதிரை உணவுக்கல்ல' என்று கையெழுத்துப் போட பாஸ்போர்ட்டில் ஒரு பக்கம் இருக்கிறது. பழைய பாஸ்போர்ட்டில் அது ஒன்பதாம் பகுதி, 2016-க்குப் பின் வந்தவற்றில் இரண்டாம் பகுதி. வெளிநாட்டிலிருந்து குதிரை வாங்கியவர் வேறெந்தப் பக்கத்தைப் பார்க்காவிட்டாலும் இந்தப் பக்கத்தைப் பார்க்க வேண்டும். கையெழுத்து இருக்கிறதா, யாருடையது, எந்தத் தேதி? அந்தப் பக்கம் காலியாக இருந்தால், நாளைக்கு ராத்திரி குதிரைக்கு வயிற்றுவலி வந்து மருத்துவர் ஓடிவரும்போது, எந்த மருந்து கொடுக்கலாம் எதைக் கொடுக்கக்கூடாது என்று அவர் யோசித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்.

2013 நினைவிருக்கிறதா? அந்த ஜனவரியில் அயர்லாந்தின் உணவுப் பாதுகாப்பு ஆணையம், மாட்டிறைச்சி என்று விற்ற பர்கர்களில் குதிரை இருப்பதாக அறிவித்தது. ஒரு பர்கரில் இறைச்சியில் 29 சதவீதம் குதிரை! பிறகு உறைய வைத்த லசான்யா, அது இது என்று ஐரோப்பா முழுக்க நாறியது. அதே சமயத்தில் பிரிட்டனில் வெட்டிய 206 குதிரைகளைச் சோதித்ததில் எட்டில் பியூட் இருந்தது. அந்த எட்டுக்கும் பாஸ்போர்ட் என்று ஒன்று கண்டிப்பாக இருந்திருக்கும். இல்லாமல் வெட்டுக்கூடத்துக்குள் விட்டிருக்க மாட்டார்கள். ஆக, காகிதம் இருந்தது, காகிதத்தில் உண்மை இல்லை. இதைவிடச் சோகமான நகைச்சுவை என்னவென்றால், பிரிட்டனில் எல்லாப் பாஸ்போர்ட் விவரங்களையும் ஓரிடத்தில் வைத்திருந்த தேசிய டேட்டாபேஸை, செலவு என்று சொல்லி 2012 செப்டம்பரில்தான் மூடியிருந்தார்கள். நாலு மாசம் கழித்து பர்கர் வெடித்தது. மறுபடி ஒரு மத்திய டேட்டாபேஸ் வர 2018 ஆயிற்று. வரவு செலவுக் கணக்கில் மிச்சம் பிடித்தவர்கள் இதை எந்தத் தலைப்பில் எழுதினார்களோ!

நோய் விஷயமும் இருக்கிறது. 2010 ஜனவரியில் இங்கிலாந்தின் வில்ட்‌ஷயரில் இரண்டு குதிரைகளுக்குத் தொற்று ரத்தசோகை இருப்பது தெரிந்தது. 1976-க்குப் பிறகு அந்த நாட்டில் அதுதான் முதல் தடவை. இந்த நோய்க்குச் சிகிச்சை கிடையாது. அந்தக் குதிரைகள் ருமேனியாவிலிருந்து பெல்ஜியம் வழியாக வந்தவை. எந்த நாட்டிலிருந்து, எந்த வழியாக, எவற்றோடு சேர்ந்து வந்தன என்று தெரிந்ததால்தான் சட்டென்று பிடிக்க முடிந்தது. அடையாளக் காகிதம் உருப்படியாக இருந்தால் இப்படியும் உதவும்.

இப்போது முக்கியமான இடம். இந்தப் பாஸ்போர்ட், குதிரை யார் என்று சொல்லும். குதிரை யாருடையது என்று சொல்லாது.

அதில் உரிமையாளர் பெயர் எழுதப் பக்கம் இருக்கிறது. ஆனாலும் அது உரிமைச் சான்று இல்லை என்று அமைப்புகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. நாம் ஆர்.சி. புக் மாதிரி நினைத்துக்கொள்கிறோம், அது மருத்துவ அட்டை மாதிரி நடந்துகொள்கிறது. மெர்க்கன்டைல் லா பாடத்தில் 'நெமோ டாட்' என்று ஒரு விதி வரும். தன்னிடம் இல்லாத உரிமையை ஒருவன் இன்னொருவனுக்குக் கொடுக்க முடியாது. நம் 1930 சரக்கு விற்பனைச் சட்டத்தில் 27-ஆம் பிரிவு, இங்கிலாந்தின் 1979 சட்டத்தில் 21. பரீட்சைக்கு இரண்டு மார்க் கேள்வியாகப் படித்துவிட்டு மறந்துபோகிற சமாச்சாரம், இங்கே ஆளையே முழுங்கிவிடும். குத்தகைக்கு வாங்கியவன் விற்றிருக்கலாம், விவாகரத்தில் சண்டை நடக்கும்போது ஒருவர் விற்றிருக்கலாம், தரகர் உரிமையாளருக்குப் பணமே கொடுக்காமல் விற்றிருக்கலாம். புத்தகம் கையில் இருக்கும், குதிரை கையை விட்டுப் போகும். அப்போது நிற்பது விற்பனை ரசீது ஒன்றுதான். அதில் விற்றவர் பெயர், முகவரி, சிப் எண், வாழ்நாள் எண், தொகை, தேதி எல்லாம் இருந்தால் தப்பிக்க ஓர் இடமாவது உண்டு.

இந்த விஷயத்தில் ஜெர்மன்காரர்கள் புத்திசாலிகள். அங்கே இரண்டு காகிதம். பாஸ்போர்ட் குதிரையோடு போகும். 'ஐகன்டும்ஸுர்குண்டே' என்று வாயில் நுழையாத பெயருள்ள உரிமைப் பத்திரம் உரிமையாளரின் பீரோவில் இருக்கும். விற்கும்போது இரண்டையும் கொடுக்க வேண்டும். லாயத்தில் குதிரையோடு பாஸ்போர்ட்டையும் தூக்கிக்கொண்டு போகிறவன் கையில் அந்த இரண்டாவது காகிதம் இருக்காது. நல்ல ஏற்பாடு. ஆனால் வேறு நாட்டிலிருந்து வாங்குகிறவருக்கு அப்படி இரண்டாவதாக ஒன்று இருப்பதே தெரியாது. பாஸ்போர்ட்டை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுவார். வருஷம் கழித்து, பெண் குதிரைக்குக் குட்டி பிறந்து வம்சப் பதிவு செய்யப்போகும்போது "அந்தப் பத்திரம் எங்கே?" என்று கேட்பார்கள். விற்ற தரகர் அதற்குள் போன் நம்பரை மாற்றியிருப்பார்.

இந்த மாதிரி அலைக்கழிப்பில் மாட்டியவருக்கு ஒரு குறுக்குவழி தோன்றும். "வெளிநாட்டுக்காரன் பதிலே போட மாட்டேன் என்கிறான். பாஸ்போர்ட்டே இல்லை என்று சொல்லி இங்கேயே புதிதாக ஒன்று எடுத்துவிட்டால் என்ன?" தயவுசெய்து வேண்டாம். ஒரு குதிரைக்கு வாழ்நாள் முழுக்க ஒரே ஓர் அடையாளம் என்பதுதான் மொத்த ஏற்பாட்டின் அஸ்திவாரம். இரண்டாவது பாஸ்போர்ட் எடுத்தால் அந்தக் குதிரையின் தடுப்பூசி, மருந்து, வம்சம், வயசு எல்லாம் ஒரு புத்தகத்தில் செத்துப்போய், இன்னொரு புத்தகத்தில் அநாதையாகப் பிறக்கிறது. பழசு உண்மையிலேயே தொலைந்துபோனால் நகல் வாங்க முறை இருக்கிறது. நகல் வாங்கிய குதிரை உணவுக்கல்ல என்று தானாகவே முத்திரை விழும், அவ்வளவுதான். இறைச்சிக்காக வளர்க்காதவருக்கு அதில் நஷ்டமே இல்லை. பொய் சொல்லிப் புதுசு வாங்குவதற்கும் உண்மை சொல்லி நகல் வாங்குவதற்கும் செலவில் வித்தியாசம் பெரிதாக இருக்காது. வித்தியாசம் பிற்பாடு தெரியும்.

அடையாளத்தை மாற்றி ஏமாற்றுவது குதிரை உலகத்தில் ரொம்பப் பழைய தொழில். 1844-இல் இங்கிலாந்தின் எப்சம் டெர்பியில் ரன்னிங் ரெய்ன் என்ற மூன்று வயசுக் குதிரை ஜெயித்தது. உண்மையில் அது மக்காபியஸ் என்ற நாலு வயசுக் குதிரை. வழக்கு நீதிமன்றம் போனது. நீதிபதி குதிரையைக் கொண்டுவாருங்கள், பல்லைப் பார்ப்போம் என்றார். குதிரை காணாமல் போய்விட்டது! பரிசு ஆர்லண்டோ என்ற குதிரைக்குப் போனது. 1982-இல் லெஸ்டரில் ஃப்ளாக்டன் கிரே என்ற இரண்டு வயசுக் குதிரை 20 குதிரை நீளம் முன்னால் ஓடி ஜெயித்தது. அதுவும் வேறு குதிரை, மூன்று வயசு. காலில் இருந்த தழும்பு போட்டோவில் காட்டிக்கொடுத்தது. சிப் வந்த பிறகு? 2017 ஜூலையில் கிரேட் யார்மத்தில் 50-க்கு 1 என்ற விலையில் ஒரு குதிரை ஜெயித்தது. பந்தயம் முடிந்து சிப்பைப் படித்தால் ஜெயித்தது வேறு குதிரை. இது ஏமாற்று இல்லை, லாயத்தில் நடந்த குழப்பம். இரண்டு குதிரைக்கும் சிப் இருந்தது, உள்ளே வரும்போது படிக்கவும் படித்தார்கள், அப்படியும் மாறிப்போனது. சிப் பொய் சொல்லாது, உண்மைதான். ஆனால் யாராவது கருவியை எடுத்துக் கேட்டால்தான் அது வாயைத் திறக்கும்.

வெளிநாட்டுக் குதிரை வாங்குகிறவர்களில் எத்தனை பேர் பணம் கட்டுமுன் அந்தக் கருவியை வைத்துக் கேட்கிறார்கள்? நாலு நிமிஷ வீடியோவைப் பார்த்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். வயசைக் குறைத்துச் சொன்ன குதிரை, பியூட் கொடுத்து நொண்டலை மறைத்த குதிரை, பாஸ்போர்ட் "தபாலில் வந்துகொண்டே இருக்கிற" குதிரை என்று எல்லாமே இந்த இடைவெளியில்தான் விற்பனையாகின்றன. ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970-இல் பழைய கார்ச் சந்தையை வைத்து எழுதிய கட்டுரை (2001-இல் நோபல் கிடைக்க அதுதான் முக்கியக் காரணம்) சொல்வதும் இதுதான். விற்பவனுக்குத் தெரிந்தது வாங்குபவனுக்குத் தெரியாவிட்டால் நல்ல சரக்குக்கு நல்ல விலை கிடைக்காது, மட்டச் சரக்குதான் சந்தையில் மிஞ்சும். கார் என்ற இடத்தில் குதிரை என்று போட்டுப் படித்தால் ஒரு வரி மாற்ற வேண்டியதில்லை.

இப்போது விதிகளைத் திரும்பப் பாருங்கள். விஷயம் தெரிந்தவர் விற்பவர். முப்பது நாள் கெடு யாருக்கு? வாங்கியவருக்கு. தெரியாத மொழியில் கடிதம் எழுத வேண்டியது யார்? வாங்கியவர். அபராதம் யாருக்கு? அதுவும் பெரும்பாலும் அவருக்கே. விற்றவர் புத்தகத்தைக் கொடுத்ததோடு கயிறு மாறியாயிற்று, போய்விடலாம். அதே இங்கிலாந்தில் ஒரு பழைய காரை விற்றால், விற்றவர்தான் வாகனப் பதிவு அலுவலகத்துக்கு இன்னாருக்கு விற்றேன் என்று தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் வரி, அபராதம் எல்லாம் அவர் தலையில் விழும், ஆகவே அன்றைக்கே தெரிவித்துவிடுகிறார். ஓட்டை உடைசல் காருக்கு இருக்கிற இந்த ஒழுங்கு, உயிருள்ள குதிரைக்கு ஏன் இல்லை? விற்பவரும் தெரிவிக்க வேண்டும், தெரிவிக்காதவரை குதிரைக்கு அவரே பொறுப்பு என்று ஒரு வரி சேர்த்தால் பாதிச் சிக்கல் தீரும். வேறு நாட்டு விற்பனையாளரை உள்ளூர்ச் சட்டம் எப்படிப் பிடிக்கும் என்று கேட்கலாம். பிடிக்காதுதான். அதற்குப் பாஸ்போர்ட் வழங்கும் அமைப்புகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டும்.

அது முடியாத காரியமா என்ன? பந்தயக் குதிரைகளில் ஏற்கெனவே நடக்கிறதே. தரோபிரெட் ஒன்று நிரந்தரமாக நாடு மாறினால், பழைய நாட்டின் வம்சப் பதிவு அலுவலகம் புதிய நாட்டின் அலுவலகத்துக்கே ஏற்றுமதிச் சான்றை அனுப்புகிறது. டி.என்.ஏ. பரிசோதனையால் தாய் தகப்பன் உறுதியாகியிருக்கும். பெயருக்குப் பின்னால் பிறந்த நாடு ஒட்டிக்கொண்டே வரும். உரிமையாளர் நடுவில் தபால்காரர் வேலை பார்க்க வேண்டியதில்லை. காரணம் வெளிப்படை: அங்கே கோடிக்கணக்கில் பணம் புரள்கிறது, அடையாளம் தப்பினால் பெரிய மனிதர்களுக்கு நஷ்டம். ஞாயிற்றுக்கிழமை சவாரி போவதற்காக ஒருத்தி வாங்கிய குதிரைக்கு அந்த வசதி கிடையாது. பிரிட்டனில் மட்டுமே பாஸ்போர்ட் கொடுக்கிற அமைப்புகள் பல டஜன். ஒவ்வொன்றுக்கும் தனிப் படிவம், தனிக் கட்டணம். 2021 ஜனவரியிலிருந்து பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒற்றைச் சந்தைக்கும் வெளியே. பிரிட்டன், அயர்லாந்து, பிரான்ஸ் மூன்றுக்கும் இடையே குதிரைகள் லேசாகப் போய்வர இருந்த உடன்படிக்கையும் அதோடு பிரிட்டனுக்கு முடிந்தது. ஆகவே சுகாதாரச் சான்றிதழ், முன்னறிவிப்பு, இறக்குமதி வாட் 20 சதவீதம் எல்லாம் மேலே சேர்ந்திருக்கின்றன. விலை குறைந்த மட்டக்குதிரை என்றால் காகிதச் செலவு குதிரை விலையை எட்டிப் பிடித்துவிடும். விலையும் கட்டுப்படி ஆகாமல் நடைமுறையும் புரியாமல் இருந்தால் ஜனங்கள் பதியாமலே விட்டுவிடுவார்கள். பதியாதவர்களைத் திட்டுவது சுலபம்.

இதற்கெல்லாம் கஷ்டப்பட்டுப் பதிந்து என்ன லாபம் என்று கேட்பவர்கள், குதிரை செத்த பிறகு என்ன ஆகிறது என்று பார்க்கலாம். இங்கிலாந்தில் குதிரை இறந்தால் 30 நாளுக்குள் பாஸ்போர்ட்டை வழங்கிய அமைப்புக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். அவர்கள் பதிவில் இறந்ததாகக் குறித்து, புத்தகத்தை ரத்து செய்வார்கள். ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டால் சிலர் முத்திரை குத்தித் திருப்பியும் தருவார்கள். ஆனால் வாங்கியபோதே பெயர் மாற்றாத குதிரைக்கு இதெல்லாம் நடக்காது. அது செத்த செய்தி போய்ச் சேர முகவரியே இல்லை. ஸ்பெயினிலோ ஜெர்மனியிலோ ஏதோ ஒரு பதிவேட்டில் அது இன்னும் பழைய உரிமையாளரின் பெயரில், குட்டியாக இருந்த அதே பழுப்பு நிறத்தில், வயசு முப்பது, நாற்பது, ஐம்பது என்று ஏறிக்கொண்டே உயிரோடு நிற்கும். அதன் புத்தகம் மட்டும் இங்கிலாந்தில் யாருடைய மேஜை அறையிலோ கிடக்கும், அதே நிறத்தில் இன்னொரு குதிரையை விற்க நினைக்கிற யாருக்காவது பயன்படும் வரை.